கட்டை மாற்றும் குமிழ்

மேல் ஸ்தாயியில் எனக்கு விரலுக்குப் பலம் போதாது என்பது ஒரு காலத்தில் திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

பன்னிரண்டு வயதிலிருந்து மாதா கோயிலில் ஹார்மோனியம் வாசித்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் இசைக்கோஷ்டி ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் துறைமுகத்தில் கிளாக்கர். கப்பலில் வந்த மாலுமி ஒருவனிடம் மின்சாரத்தில் ஒலிக்கும் பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கி, தான் உடுக்கும் சாரத்தால் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதில் ஒலிக்கும். முகப்பு முழுக்கக் குமிழ்கள். "தங்கச்சி, இனி இது உங்கட பொறுப்பு" என்றார். கோயில் பாட்டுக்கு வெளியே என்னை நம்பி யாரும் ஒரு பொறுப்பும் தந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம்தான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் வாசிக்க ஒரு கோஷ்டி தேடினார்கள். முகாமையாளர் முன்னால் ஒருநாள் வாசித்துக் காட்டவேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்த மேடை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் ஒத்திகையில் ஒரு கோளாறு. வயலின் போல ஒரு நாதத்தை அமைத்து வாசித்தால், கீழே சிங்கம் போல உறுமும். மேலே ஏற ஏற வாயைப் பொத்தியது போல அமுங்கும். மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் வரும் எங்கள் பாட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: "மேல போகேக்க தங்கச்சிக்குக் கை சோருது." இந்த மெஷினுக்கு அழுத்தம் தெரியாது, தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான் என்று சொன்னேன். சிரித்தார்கள். சொன்னது நான் அல்லவா.

பின்னேரங்களில் கோஷ்டித் தலைவர் வேலையால் வருமுன் அவர் வீட்டுக்குப் போய்த் தனியே அதோடு மல்லுக்கட்டினேன். அவர் மனைவி குசினியில் சமைத்துக்கொண்டிருப்பார். ஹார்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாக்கு உண்டு, ஒவ்வொன்றும் தன் குரலோடு பிறந்தது. இது அப்படியில்லை. எல்லாச் சுரமும் ஒரே வாசலால் வெளியே வரவேண்டும். வாசல் நிலையின் உயரத்தை ஒரு குமிழால் வைக்கலாம். குள்ளமான சுரம் தன் கூர்மை எல்லாவற்றோடும் நிமிர்ந்து வரும். உயரமான சுரத்துக்கு அதே நிலை தலையைச் சீவிவிடும், உடம்பு மட்டும் மொண்ணையாக வரும். நிலையை உயர்த்தினால் மேலே தெளியும், ஆனால் கீழே காது கிழியும். இது விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. விளங்கியதும் அடுத்தது தானாக வந்தது: கை மேலே ஏறும்போது வாசல் நிலையும் கூடவே ஏறவேண்டும். அதற்கு இந்தப் பெட்டியில் ஏதாவது இருந்தே ஆகவேண்டும்.

இருந்தது. ஒரு குமிழ். அதைப் பூச்சியத்தில் வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, "கட்டை - தொடவேண்டாம்" என்று தலைவர் தன் அழகான கிளாக்கர் எழுத்தில் எழுதியிருந்தார்.

கேட்டேன். "அது கட்டை மாத்திற குமிழ். எங்கட பாட்டுக்காரர் பாடுறது அஞ்சரைக் கட்டை. மேடையில அது மாறினா எங்கட மானம் கப்பலேறிடும்" என்றார். குமிழின் அடியில் ஆங்கிலத்தில் கட்டையைப் பின்தொடர்வது என்று எழுதியிருந்ததை அவர் அப்படி வாசித்திருந்தார். நம் பாஷையில் விரல் வைக்கும் மரத்துண்டும் கட்டை, பாட்டின் சுருதியும் கட்டை. "அண்ணை, இது சுருதிக்கட்டை இல்ல. விரல் வைக்கிற கட்டை. கை ஏறினா நாதமும் சேர்ந்து திறக்கும். ஒருக்காக் காட்டட்டா?" என்றேன்.

"சும்மா கதையாதேங்கோ தங்கச்சி. ஹோட்டல் அலுவல் முடியட்டும்."

மறுநாள் அவர் வருமுன் பிளாஸ்டரை உரித்தேன். முழுக்கத் திருப்பினால் மேலே கீச்சிட்டது. முக்காலில் நிறுத்தினேன். அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஆள் பாடுவது போல வந்தது. சுருதி மயிரளவும் அசையவில்லை. குசினியிலிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்து, "இண்டைக்கு நல்லா இருக்கே" என்றார். அப்போது வெளிப்படலையடியில் தலைவரின் சைக்கிள் மணி கேட்டது. நான் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பி, பிளாஸ்டரை மறுபடி ஒட்டிவிட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

ஹோட்டலில் வாசித்தபோதும் அது ஒட்டியபடியே இருந்தது. இடையில் ஒரு தடவை பிளாஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். தலைவர் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டேன். பாட்டின் உச்சியில் நாதம் செத்தது. முகாமையாளர் கோஷ்டி பரவாயில்லை, மேல்சுரங்கள்தான் கேட்கவில்லை என்றார். "பொம்பிளைப் பிள்ளை சேர். விரலுக்குப் பலம் காணாது. நான் வேற ஆளைப் போடுறன்" என்றார் தலைவர், என்னை வைத்துக்கொண்டே.

வேறு ஆள் என்பது அவருடைய மைத்துனர். சீனன்குடாவில் வேலை, ரேடியோ திருத்தத் தெரிந்தவர். அந்த மாதமே கோஷ்டிக்கு ஹோட்டல் கிடைத்தது. நான் ஹார்மோனியத்துக்குத் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, மாதா கோயில் பங்கு மண்டபத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அவர்கள் வாசித்தார்கள். மேல்சுரங்கள் தெளிவாக, முழுசாக வந்தன. என் பக்கத்தில் இருந்தவர் "ஆம்பிளைக் கை எண்டா சும்மாவே?" என்றார். இடைவேளையில் எழுந்து போய்ப் பார்த்தேன். பிளாஸ்டர் இல்லை. குமிழ் முக்காலில் நின்றது.

தலைவர் வந்தார். "பிளாஸ்டரை ஆர் எடுத்தது?" என்று கேட்டேன்.

"மச்சான்தான். வந்த அண்டைக்கே உரிச்சு எறிஞ்சவர். கட்டை ஒண்டும் மாறேல்ல."

"அதைத்தானே நான் சொன்னனான்."

மறுப்பார், அல்லது நெற்றியைச் சுருக்கி யோசிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ஓம் தங்கச்சி, நீங்கதான் முதல்ல சொன்னனீங்கள். எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு மேடைப் பக்கம் போனார்.

நான் சொன்னது அவருக்கு அன்று விளங்கவில்லை, பிறகு மறந்தும்போனார் என்று எண்ணி, இரண்டு வருடமாக அவரை மன்னிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.