பதினைந்து நிமிஷம் ஊற வைக்கவும்

ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம், அவருக்கு மலை மேலே ஒரு கோட்டை இருந்ததாம். ராஜா போய்விட்டார். கோட்டை இருக்கிறது. கோட்டையைப் பார்த்த மாதிரி, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் மல்லிகா அக்காவின் பியூட்டி பார்லர் இருக்கிறது. அதற்குள் ஜன்னலோரம் ஒரு சின்ன டேபிள், நகம் வைக்கிற டேபிள். அதுதான் என் ராஜ்ஜியம். கதை கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது, எதையும் இப்படித்தான் தொடங்க வருகிறது.

தொழிலைப் பற்றி ஒரு வரி: ஜெல் நகம், அதாவது நகத்தின் மேல் கெட்டியாக ஒட்டி நிற்கும் கலர்ப் பூச்சு, வைத்துக்கொள்ள எல்லாரும் எங்களிடம் வருவார்கள், எடுக்க மட்டும் சொந்தப் பல்லை நம்புவார்கள். படிக்கிறவர்களில் அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்க வேண்டாம். நகம் தெரிந்துவிடும்.

எட்டு நகம் காலி

அவலூர்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். பத்து விரலுக்கும் ரோஸ் கலரில் வைத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு விரலில் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வந்தார். மீதியைப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே பல்லால் உரித்துவிட்டாராம். ஜெல் போகும்போது நகத்தின் மேலடுக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி டம்ளரைத் தொட்டாலே சுரீர் என்கிறது. அதன் மேலேயே புதுசு வைக்கச் சொன்னார். "இப்ப வெச்சா இன்னும் மெலிஞ்சிடும் டீச்சர். நகம் வளர்ந்து வரட்டும்" என்றேன்.

மல்லிகா அக்கா ட்ரையரை நிறுத்திவிட்டு வந்தார். டீச்சர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேர் இந்த மாதிரி வந்து நிக்கட்டும், உன் டேபிளைத் தூக்கிட்டு அங்க பேஷியல் கட்டில் போட்டுடறேன். நீ புருவம் எடுக்கப் போயிடு." எப்படி எடுக்க வேண்டும் என்று நான் போன முறையே சொல்லியிருந்தேன். ஆனால் என் குரல் அப்படி. பக்கத்தில் ட்ரையர் ஓடினால் எனக்கே கேட்காது. டீச்சர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்: "நீ சொல்றது முதல் பெஞ்சுக்கே கேக்கல பாப்பா, அப்புறம் யாரு பாஸாவாங்க?"

உளுந்தே ஊறிடுச்சு

குரல் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. ஒரு சீட்டு எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். 'மேல் பளபளப்பு போகும்வரை மட்டும் லேசாகத் தேய்க்கவும். பதினைந்து நிமிஷம் ஊற வைக்கவும். ஜெல் இளகியதும் மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளவும். வராவிட்டால் சுரண்டாமல் மறுபடி ஊற வைக்கவும். எடுத்த பிறகு தினமும் தேங்காய் எண்ணெய் தடவவும்.' எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மறுநாளே, சீட்டு வாங்கிப் போன சரசு அக்காவின் போன், தொண்டூரிலிருந்து. "பாப்பா, காலைல உளுந்து ஊற வெக்கும்போதே நானும் கைய ஊற வெச்சேன். உளுந்தே ஊறிடுச்சு, இது ஊறலையே, இன்னா பண்றது?" சீட்டை எடுத்துப் பார்த்தேன். எதில் ஊற வைப்பது என்று எழுதவே இல்லை! நம் வீடுகளில் ஊற வைப்பது என்றால் தண்ணீரில்தானே. போனிலேயே திருத்தினேன், சீட்டிலும் திருத்தினேன்: நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்ற வேண்டும். சுற்றியுள்ள தோலுக்கு முதலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சரக்கு, அடுப்பங்கரைப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சரசு அக்கா என்னைத் தேற்றினார்: "போனா போவுது, உளுந்தாவது ஊறிச்சே. நாளைக்கு இட்லி சாப்புட வா."

பாமாயில் வந்த நேரம்

பின் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அனிதா, புது சீட்டை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். வீட்டுக்காரரை உட்கார வைத்து, தன் பத்து விரலிலும் அவரையே பஞ்சு வைத்துச் சுற்றச் சொன்னார். சுற்றி முடித்த ஐந்தாவது நிமிஷம், ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று தெருவே ஓடியது. கார்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இவரும் ஓடினார். கைரேகை மெஷின் முன்னால் போய் நின்றதும் கடைக்காரர் அந்த வெள்ளி விரல்களைப் பார்த்தாராம். "மெஷினுக்கு விரல் வேணும்மா. நீ பார்சல் கட்டிகினு வந்திருக்கியே!"

அங்கேயே ஒரு விரலை அவிழ்த்து ரேகை வைத்தார். அந்த ஒரு நகத்தில் மட்டும் ஜெல் பாதி இளகிப் பாதி இளகாமல் நின்றுவிட்டது. நல்லவேளை, நெம்பவில்லை, என்னிடம் வந்தார். மறுபடி சுற்றி எடுத்துவிட்டேன். 'ஒரு கை முடிந்த பிறகே மறு கை' என்று சீட்டில் ஒரு வரி ஏறியது. அதற்குள் மல்லிகா அக்கா இன்ச் டேப்பை எடுத்து வந்து, என் டேபிள் இருக்கும் இடத்தை நீட்டி அளந்துகொண்டிருந்தார். கட்டில் கணக்கு. அனிதா எனக்காக வாதாடினார்: "அக்கா, அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு முழுக்க பாமாயில் மேலதான்."

சடையைப் பிடித்த அத்தை

கடைசியாக வந்தவர் பனமலைக் கல்யாணப் பெண், ரேவதி. பழைய ஜெல்லை வீட்டிலேயே எடுத்திருந்தார். ஒரு கீறல் இல்லை, சிவப்பு இல்லை, வலி இல்லை. பத்து நாள் நகத்தைச் சும்மா விட்டிருந்தார். மறுநாள் ரிசப்ஷன், புதுசு வைக்க வேண்டும். அக்கா பின்னாலேயே வந்து நின்றார், கழுத்தில் இன்ச் டேப். விரலைப் பிடித்தேன். வழுக்கியது. "சீட்டுல தினமும் எண்ணெய் தடவச் சொல்லி இருந்துதே. பஸ்ஸுல வரும்போது கூட தடவிகினுதான் வந்தேன்" என்றார் பெருமையாக. எண்ணெய் நகத்தில் ஜெல் நிற்காது. தாலி கட்டுவதற்கு முன்னாலேயே கழன்று விழும். என் டேபிளும் கூடவே கிளம்பிவிடும்.

"வைக்கிற அன்னிக்கு எண்ணெய் தொடக் கூடாது!" ட்ரையர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்லர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியது நான்தான் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவ வைத்தேன். ஈரம் போகத் துடைத்து, பளபளப்பை மட்டும் லேசாகத் தேய்த்து, ஒவ்வொரு நகத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ரேவதியின் கை தன் எண்ணெய்ச் சடைக்கே போனது. மறுபடி துடைத்தேன். மறுபடி போனது. கூட வந்த அத்தையைக் கூப்பிட்டுச் சடையை அவர் கையில் கொடுத்து, "முடியற வரைக்கும் விடாதீங்க அத்தை" என்றேன். அவரும் மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கடைசி விரல் வரை நின்றார்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் ரேவதி வீட்டுக்காரரோடு வந்தார். அக்கா ரேவதியின் இரண்டு கையையும் வாங்கி, விரல் விரலாக எண்ணினார். பத்தும் இருந்தன. குடத்துத் தண்ணீரில் மோதிரம் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் கைவிட்டுத் தேடும் சடங்கிலும் ஒன்று கூடப் பெயரவில்லையாம். அக்கா டேப்பைச் சுருட்டி டிராயரில் போட்டார். மாப்பிள்ளை தன் புறங்கையை எங்களுக்குக் காட்டினார், நீளமாக மூன்று கோடு. "நகத்துக்கு ஒண்ணும் ஆவலீங்க. மூணு தரமும் மோதிரம் அவளுக்கு, கீறல் எனக்கு."

என்னிடம் ஒரு சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவி கைக்கு எட்டாத தூரத்திலேயே அவர் படியிறங்கிப் போனார். ஐந்து வரியில் தொடங்கிய என் சீட்டு ஒவ்வொருவர் புண்ணியத்திலும் வளர்ந்து முன்பக்கம் நிரம்பிவிட்டது, பின்பக்கம் முழுசாகக் காலியாக இருப்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.