கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். ஒரு சித்திரை மாதம், திருவரங்குளத்துத் திருவிழாவில் நாடகம் ஆட வந்திருந்தேன். என்ன வேஷம் என்று கேட்கிறீர்களா? என் முகத்தை நேரில் பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பபூன்தான்.

நாடகம் நடக்கவில்லை. வாந்திபேதி வந்துவிட்டது. திருவிழாவையும் கூத்தையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆர்மோனியப் பெட்டியும் கிடைத்த வண்டியில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். இடம் போதவில்லை என்று இறக்கிவிடப்பட்ட ஒரே சாமான் நான். நடந்தே புதுக்கோட்டைக்கு வந்து ஒரு சத்திரத்தில் படுத்துக் கிடந்தேன்.

அங்கேதான் நகரசபையின் சுகாதார இன்ஸ்பெக்டர் என்னைத் தேடி வந்தார். வழக்கமாகத் தெருத்தெருவாகத் தமுக்கடித்து நகரசபை அறிவிப்புச் சொல்லுகிறவர் நோயில் இறந்துபோயிருந்தார். அச்சடித்து ஒட்டிய நோட்டீசைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். மற்றவர்களின் ஆடுகள் தின்றன.

"உம்ம வாய்க்கு விடிய விடிய ஊரே கண் முழிச்சு உக்காந்திருக்குமாமே. அந்த வாய் கொஞ்ச நாளைக்கு நகரசபைக்கு வேணும்" என்றார்.

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. மறுநாளே தமுக்கை மாட்டிக்கொண்டேன்.

சொல்ல வேண்டியது நாலே விஷயம். ஊருணித் தண்ணீரைத் தொடக் கூடாது, அதில் நோயாளிகளின் துணியை அலசியிருக்கிறார்கள். மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். நோயாளி கழித்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நோயாளியின் கையோ துணியோ கிணற்றுக் கயிற்றிலும் குடத்திலும் படக் கூடாது.

தமுக்கைத் தட்டினேன். கூட்டம் கூடியது. "சாமிகளா, ஊருணித் தண்ணியக் குடிச்சா உசுரு போயிரும்" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். "நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பா, அந்தக் கும்புடுற மாதிரி செஞ்சியே, அதை இன்னொருக்கச் செய்யி" என்றார். பக்கத்து வீட்டில் பிணம் எடுத்த ஈரம் காயாத தெரு அது. அங்கே நின்று சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பல நாளாகச் சிரிக்காதவர்கள். என்னைப் பார்த்ததும் வந்துவிட்டது. என் பிழைப்பே அப்படி.

சிரித்து முடித்துக் குடத்தை எடுத்துக்கொண்டு நேரே ஊருணிக்குப் போனார்கள்.

காரணம் இருந்தது. கிணற்றில் போட்ட மருந்து தண்ணீரைக் கத்திரிப்பூ நிறமாக்கியிருந்தது. வாயில் வைத்தால் துவர்த்தது. யுத்தத்துக்கு அரிசி பத்தவில்லை, அதனால் ஆளைக் குறைக்க விஷம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. அதைவிடப் பலமானது ஊருணிக்கரையில் ஆப்பம் சுட்டு விற்கிற அம்மாளின் பேச்சு. மருந்துத் தண்ணீரைக் குடித்த மறுநாளே அவருடைய ஒரே மகன் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்த பிள்ளை. பெற்றவள் சொல்லும்போது நகரசபை நோட்டீஸ் எந்த மூலைக்கு?

இன்ஸ்பெக்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். "அவரு உத்தியோகஸ்தரு. முறிமருந்து வச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டார்கள். அப்போது கூட்டத்தில் ஒருவர் என்னைக் காட்டி, "இந்தக் கோமாளி குடிக்கட்டும். இவனுக்கு எவன் முறிமருந்து குடுக்கப் போறான்" என்றார்.

நியாயமான பேச்சு. ஊரில் என் உயிரைவிட மலிவான உயிர் இல்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. குடித்தேன். யாரும் கைதட்டவில்லை. நாளைக்கு வருகிறானா பார்ப்போம் என்று கலைந்துபோனார்கள்.

மறுநாள் போனேன். என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். நாலைந்து பேர் மட்டும் கிணற்றில் குடத்தை இறக்கினார்கள். அதற்கும் அடுத்த நாள் இன்னும் சிலர். தமுக்கு ஒரு சாக்குத்தான் என்பது எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அதற்குள் விளங்கிவிட்டது. நான் உயிரோடு வந்து நிற்பதுதான் அறிவிப்பு. ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒரு சொம்பு. கடைசிக் கிணற்றுக்குப் போகும்போது வயிற்றுக்குள் இருந்தும் தமுக்குச் சத்தம் கேட்கும்.

ஆப்பக்கார அம்மாள் மட்டும் குடம் கொண்டு வரமாட்டார். புங்கமரத்தடியில் நின்று பார்ப்பார். நான் குடித்து முடித்ததும் தினமும் ஒரே கேள்வி.

"இன்னும் போய்ச் சேரலையா நீ?"

"எமன் வந்தான் ஆத்தா. ஓசியில நாடகம் பாக்க மாட்டேன்னு திரும்பிப் போயிட்டான்."

அவர் சிரித்ததே இல்லை. நானும் தினம் ஒரு பதில் தயார் செய்துகொண்டு போவேன். என் தொழிலில் இப்படி ஒரு ஆள் கூட்டத்தில் இருந்தால் தூக்கம் வராது.

பிறகு அந்த நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே வயிறு போக ஆரம்பித்துவிட்டது. எங்கே தொற்றியது என்று இன்றுவரை தெரியாது. காலையில் எழுந்தபோது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. குரல் காற்றாக வந்தது. இன்ஸ்பெக்டர் சத்திரத்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரும்."

"நான் அங்க படுத்தா மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும் சார். மருந்துத் தண்ணி கோமாளியத் தின்னுருச்சும்பாங்க. எல்லாரும் ஊருணிக்குப் போயிருவாங்க."

அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முகத்தில் அரிதாரத்தைப் பூசிக்கொண்டேன். ஒட்டிப்போன கன்னத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஊருணிக்கரைக் கிணற்றுக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனேன். அரிதாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு கிளம்பியது. தமுக்கை இரண்டு தட்டுத் தட்டினேன். குரல் வரவில்லை. சரி, குடித்துக் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கிணற்றுக் கயிற்றுக்குக் கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

நோயாளியின் கை கயிற்றில் படக் கூடாது. நான் தினமும் தொண்டை கிழியக் கத்திய அறிவிப்பு. இத்தனை நாளும் அதைச் சொன்ன எனக்கு, அது என்னையும் சேர்த்துத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கயிற்றைத் தொட்டால் இந்தத் தெருவுக்கு நானே நோயைக் கொடுத்தவன் ஆவேன். தொடாமல் திரும்பினால் தண்ணீரைக் கண்டு பயந்தவன் ஆவேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

சிரிப்பு அடங்கியது.

"ஏன் குடிக்க மாட்டேங்குறான்?" என்றது ஒரு குரல்.

"மூஞ்சியப் பாருங்க. என்னமோ ஆயிருச்சு இவனுக்கு."

ஒரு பெண் இறக்கிய குடத்தை நிரப்பாமலே மேலே இழுத்துக்கொண்டாள்.

புங்கமரத்தடியிலிருந்து ஆப்பக்கார அம்மாள் வந்தார். என் எதிரில் நின்று கண்ணைப் பார்த்தார். அரிதாரம் கண்ணை மறைக்காது. இப்படிக் குழி விழுந்த கண்ணை அவர் தன் வீட்டிலேயே பார்த்தவர். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், முடிந்தது. தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"எப்பலேருந்து?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நேத்து சாயங்காலம் ஆத்தா. என்னையத் தொடாதீங்க."

அவர் திரும்பினார். "தொண்டை கட்டிக்கிச்சாம். நாள் முச்சூடும் கத்துனா கட்டாம என்ன செய்யும்? ஏம்மா, அந்தக் கொடத்தை இங்கிட்டுக் குடு" என்றார்.

அவரே கயிற்றை இறக்கி இறைத்தார். கத்திரிப்பூ நிறத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். மகனைக் கொன்றது என்று ஊரெல்லாம் தான் சொன்ன தண்ணீர். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வாயத் தொற" என்றார். நான் அண்ணாந்தேன். சொம்பு என்மேல் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார்.

அதை உள்ளே நிறுத்தி வைத்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல நடிப்பு.

ஒவ்வொரு குடமாகக் கிணற்றில் இறங்குகிற சத்தம் கேட்டது. "வா, தொண்டைக்குக் கசாயம் போட்டுத் தாரேன்" என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அவர் வீட்டுக் கொல்லைக்குப் போகும்வரை தாங்கினேன். அங்கே எல்லாம் வெளியே வந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் பார்த்துவிடாதபடி நின்றார். பிறகு அடுப்பங்கரையிலிருந்து சுண்ணாம்புச் சட்டியை எடுத்து வந்து கொட்டி, மண்வெட்டியால் மூடினார். தமுக்கில் நான் சொன்னது அத்தனையும் அவர் மரத்தடியில் நின்று கேட்டிருக்கிறார்.

"மத்த கெணறெல்லாம் கெடக்கு ஆத்தா" என்றேன்.

"நான் போறேன். நீ சாகாமக் கெட."

போனார். எல்லாக் கிணற்றடியிலும் குடித்தார். "கோமாளி எங்க வீட்டுலதான் கெடக்கான், தொண்டை கட்டு. நம்பாதவுக வந்து பாத்துக்கங்க" என்று சொன்னாராம். சாயங்காலம் ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கி அசைத்தேன். ஒருவர் ஏமாற்றத்தோடு, "ஒரு பாட்டுக்கூட இல்லியா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாள் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் மருந்தோடு வந்து வந்து போனார். எனக்கு நினைவு தெளிந்த ஒரு பகலில், எங்கோ பார்த்துக்கொண்டு அம்மாள் பேசினார்.

"மருந்துத் தண்ணி குடிக்கிறதுக்கு முந்துன நாளு, எம்புள்ள வெயில்ல வந்து தண்ணி கேட்டான். கெணத்தடியில கூட்டமா இருக்குன்னு ஊருணியில மொண்டு குடுத்தேன். நான்தான் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் கஞ்சி ஆறிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

நான் பிழைத்தேன். அந்தத் தெருவில் அதற்குப் பிறகும் சிலர் இறந்துபோனார்கள். ஆனால் ஊருணிக்கு யாரும் போகவில்லை. ஆடி மாதத்தில் மழை விழுந்த பிறகுதான் நோய் ஊரை விட்டது.

அடுத்த வருஷம் அதே பக்கம் நாடகம். மேடையில் நான் தலையை நீட்டியதும் சிரிப்பு எழும்பியது. முன்வரிசையில் அந்த அம்மாள், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"இன்னும் போய்ச் சேரலையா நீ?"

அன்றும் என்னிடம் பதில் தயாராக இருந்தது, ஆனால் சொல்லவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி அவர் எதிரில் குந்தி அண்ணாந்தேன், அவர் எழுந்து ஊற்றினார். இப்போது எல்லா அறிவிப்பும் ரேடியோவிலும் பேப்பரிலும் நன்றாகத்தான் வருகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இதற்காக முதல் சொம்பை யார் குடித்திருப்பார்கள் என்றுதான் என் மனசு தேடுகிறது.