மீதி ஊர்வலம்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முருகவேல் ஃபோன் செய்தார். "அத்தை போயிட்டாங்க மாமா" என்றார். நான் வாயில் நுரையோடு நின்றேன். ஆறுதலாக எதையாவது சொல்ல வார்த்தை தேடுவதற்குள் அவரே தொடர்ந்தார். "நம்ம வண்டி அவங்க பின்னாடி வரணும். நீங்க வந்து ஒரு தபா பாத்துடுங்க. இன்னிக்கு நின்னுடக் கூடாது."

போனவர் அவருடைய மாமியார் கஸ்தூரியம்மா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ரப்பர் கம்பெனியில் செய்யும் வண்டிப் பைப்புகளைச் சோதித்து, தேறியது, தேறாதது என்று பிரிப்பவர். நான் அங்கே டூல் ரூம் ஃபிட்டர். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து அவரிடம் திட்டு வாங்காத ஒருவர் இருந்தால் கை தூக்கலாம். தேறாத பைப்பைக் கண்ட இடத்திலேயே இரண்டாக அறுத்துப் போடுவார். விட்டுவைத்தால் நல்லதோடு கலந்து யார் வண்டிக்காவது போய்விடுமாம். அந்தக் கத்திக்குக் கம்பெனிப் பொருள், வெளிப்பொருள் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஓர் ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லோருக்கும் பை கொடுத்தார். ஐந்தே நிமிடத்தில் இவர் அதன் கைப்பிடியை அறுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம பைப்பு மாதிரி உள்ள நூல் கீதான்னு பாத்தேன்" என்றார். இருந்ததாம். அதில் முதலாளியை விட அவருக்குத்தான் பெருமை.

அடக்கம் அவருக்கு வராது. செய்ததைச் சொல்லிக்கொள்வார், செய்யாததையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் தலைகுனிந்து நின்றதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மூத்த மகள் செல்வியின் கல்யாணத்துக்கு முதல் நாள். காட்டுப்பாக்கத்தில் மண்டபம். பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு, பேண்டு செட், பூ அலங்காரம் செய்த பழைய காலத்துத் திறந்த கார், அதில் கோட்டு போட்ட முருகவேல். பஞ்சர் கடை முன்னால் கார் பானெட்டிலிருந்து புகை விட்டு நின்றது. ஊர்வலக் கார் நடக்கிற வேகத்தில் போகும், அதனால் எதிர்க்காற்று கிடைக்காது. எல்லாச் சூட்டையும் உள்ளே ஓடும் தண்ணீர்தான் தாங்க வேண்டும். அந்தத் தண்ணீர் கொதித்துவிட்டது. மாப்பிள்ளை இறங்கி, மாலையோடு மண்டபத்துக்கு நடந்தார்.

முருகவேல் தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டே நடந்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், முருகவேலுக்கு வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனாலும், செல்விக்குக் குழந்தை தங்காமல் போனபோதும் ஒரே பேச்சு: "பாதி ஊர்வலத்துல வந்த கல்யாணம்தானே." செல்வி அம்மா வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். கஸ்தூரியம்மா கேன்டீனில் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "பொண்ணு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது அண்ணாத்தே. அதான் எனக்குத் தாங்கல."

இளைய மகளுக்கு வரன் அமைந்ததும் அவர் செய்த முதல் காரியம் அந்தக் காரை வாங்கியது. ஆமாம், அதே காரைத்தான். ராசியில்லாத வண்டி என்று பெயர் கெட்டு, பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. உரிமையாளர் தள்ளிவிட்டால் போதும் என்று கொடுத்தார். உறவு மொத்தமும் அயனம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் கூடிச் சண்டை போட்டது. நானும் என் பங்குக்குத் திட்டினேன். "வேற வண்டியே கெடைக்கலையா?" என்றேன். "வேற வண்டி ஓடினா, இது ராசி கெட்ட வண்டின்னே ஆயிடும். இதுதான் ஓடணும். அதே மண்டபம், அதே தெரு" என்றார்.

பழைய உரிமையாளர் ரேடியேட்டரை மாற்றியிருந்தார், வாட்டர் பம்பை மாற்றியிருந்தார். ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் போகும் கீழ்ப் பைப்பை மட்டும் தொடவில்லை, பளபளவென்று நன்றாகத்தானே இருக்கிறது என்று. கஸ்தூரியம்மா அதைக் கழற்றினார், ஓர் அட்டையில் வைத்துப் படம் வரைந்தார், அடுத்த நிமிடம் கத்தியை எடுத்து நீளவாக்கில் அறுத்துவிட்டார். உள்பக்க ரப்பர் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை விரலால் தூக்கிக் காட்டினார். "ராசி எங்க கீதுன்னு கேட்டியே, பாத்துக்கோ. இங்க கீது."

சிக்கல் அதன் பிறகுதான். அந்த வண்டிக்கான வளைந்த பைப்பை இப்போது யாரும் செய்வதில்லை. செய்தால் நாங்கள்தான் செய்ய வேண்டும். முதலாளி சனிக்கிழமை வேகவைக்கும் கடைசி ஈட்டில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். படத்தைப் பார்த்து நான் இரும்புக் கம்பியை வளைத்தேன். வேகாத ரப்பர் குழாயை அந்தக் கம்பியில் மாட்டி, இட்லி மாதிரி நீராவியில் வேகவைத்தால் வளைவு அப்படியே நின்றுவிடும். வெந்து வந்தது பாருங்கள், அப்படி ஓர் அழகு. ஆலையே கூடி நின்று பார்த்தது. வண்டியில் வைத்தால் சேரவில்லை. மேலே திரும்ப வேண்டிய முனை தரையைப் பார்த்தது. படம் வரையும்போது அந்த அம்மா பைப்பைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்! சரிபார்க்கலாம் என்றால் மூலப் பைப்பு இரண்டு வகிராகக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சா இன்னா?" என்று கத்தினேன். அவர் பைப்பை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "பக்கம்தான் தப்பு அண்ணாத்தே, பைப்பு தப்பில்ல. ஊட்ல மாட்டி வை" என்று என் கையில் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை, படத்தைப் புரட்டிப் போட்டு மறுபடி செய்தோம். உட்கார்ந்தது.

என்ஜினுக்குப் பின்னால் துருப்பிடித்து ஓடிய இரும்புக் குழாயையும் புதிதாக வளைத்துப் போட்டேன். கிளிப்புகள் எல்லாம் புதுசு. தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்று தங்கினால் திரும்பவும் கொதிக்கும் என்பதால், அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சரிவில் வண்டியின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி ஊற்றினோம். குமிழ் வந்துகொண்டே இருந்தது. நடைபயிற்சிக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மூச்சு வுடுதுங்க" என்று கஸ்தூரியம்மா அவர்களுக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இளையவள் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை. மெட்ரோ வேலையால் மெயின் ரோடு அடைத்து, அந்தத் தெருவுக்குள் வண்டிகள் புகுந்து, ஊர்வலம் முன்பைவிட மெதுவாக ஊர்ந்தது. கஸ்தூரியம்மா பட்டுப் புடவையில் காரின் பக்கத்திலேயே நடந்தார். புது மாப்பிள்ளையை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் பானெட்டின் மேலேயே இருந்தது. பஞ்சர் கடை வந்ததும் அவரே கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். நான் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சூடு காட்டும் ஊசி நடுவில்தான் நின்றது. கூட்டத்தில் நடந்து வந்த முருகவேலைப் பார்த்து, "மாப்ள, ஏறுங்க" என்றார்.

"நானா? இது அவரு ஊர்வலம் அத்தை."

"அவரு ஊர்வலம் கோயில்லேந்து. உங்க ஊர்வலம் இங்கேந்துதான் மீதி கீது. வுட்ட எடத்துலேந்து முடிச்சுக்கலாம், ஏறுங்க!"

தெருவே விசில் அடித்தது. பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். புது மாப்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்து, தன் மாலைகளில் ஒன்றைக் கழற்றி முருகவேல் கழுத்தில் போட்டார். பேண்டு செட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடியை ஏற்றினார்கள். செல்வி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காருக்கு முன்னால் நடந்தாள். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். அந்தத் தட்டை முருகவேலின் அம்மா கை நீட்டி வாங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றினார். பிறகு கஸ்தூரியம்மாவைப் பார்த்து, "முடிச்சுட்டீங்க சம்பந்தி" என்றார். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. செல்வி அதன் பின் நினைத்தபோதெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்துபோனாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் எல்லாப் பிரிவுக்கும் போய் அவரே இந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு பிரிவிலும் கூட்டம் கொஞ்சம் பெருத்தது, பேண்டு செட்டில் ஆள் கூடியது. நான் திருத்தவே இல்லை.

அவர் இறுதி ஊர்வலத்தில் காரை முருகவேல்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பறை, ஆட்டம், பூக்கள். அதைவிட மெதுவாக எந்த வண்டியும் போக முடியாது. வெயில் வேறு. நான் மயானம் வரை ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அசையவில்லை. வண்டியை அணைத்ததும் முருகவேல், "நிக்கல மாமா" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கூடத்து ஆணியில் மாட்டியிருக்கும் அந்தப் பக்கம் தப்பிய பைப்பைக் கையில் எடுத்தேன். எந்த வண்டிக்கும் சேராது. அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. தேறாத எதையும் அந்த அம்மா முழுசாக விட்டதில்லை. இதை மட்டும் அறுக்காமல் என் கையில் கொடுத்தார்.