பாஸ்கர் கொடுத்த மதர்போர்டு

மதர்போர்டைச் சுற்றி வரும் வெள்ளிக் கவருக்கு ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்பும் மருந்துக்கடையும் கலந்தாற்போல இருக்கும். போன வாரம் என் மகள் கயல் அதைப் பிரித்தபோது நான் மூக்கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் போர்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தவள், "அப்பா, இதுல ஓவர்க்ளாக் பண்ணவே முடியாது" என்றாள்.

ஏனாத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அனிமேஷன் செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் கைக்கு அடங்கிய விலையில் வாங்கி, ஓவர்க்ளாக் செய்து வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் படித்து லிஸ்ட் போட்டிருந்தாள். வேகத்தைக் கூட்ட விடுகிற ப்ராசஸர், அதற்கு இடம் கொடுக்கிற போர்டு. ஒன்று மாறினாலும் மற்றதற்குக் கொடுத்த காசு வீண். ஆன்லைனில் வாங்குகிறேன் என்றவளை, "பாஸ்கர் அங்கிள் இருக்கும்போது எதுக்கு?" என்று கடைக்கு இழுத்துப் போனவன் நான்தான்.

என் பழைய சிநேகிதன் பாஸ்கர், அவள் கேட்ட போர்டுக்குப் பதில் வேறு பெட்டியை எடுத்து வைத்தான்.

"லிஸ்ட்ல இது இல்லியே அங்கிள்?"

"இதுலயும் ஸ்பீடு ஏத்தலாம்மா. உங்கப்பனைக் கேளு."

நான் தலையாட்டினேன். பெட்டியைப் பிரிக்கப் போனவளின் கையையும் பிடித்துத் தடுத்தேன். தெரிந்தவர் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தால் அங்கேயே மடிப்பைக் கலைத்துப் பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கலைத்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அந்த மரியாதையை ஒரு மதர்போர்டுக்கும் செய்த ஆள் காஞ்சிபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவனுக்கே தெரியாமல் நடந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் எந்தப் போர்டில் வேகம் ஏறும், எதில் ஏறாது என்கிற பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பாஸ்கர்தான்.

படிப்பை முடித்த புதிதில் இரண்டு பேரும் காந்தி ரோட்டில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தோம். கீழே பட்டுக்கடை. அப்போது வேகத்தைக் கூட்ட, ஜம்பர் என்கிற அரிசியளவு கறுப்புத் தொப்பியைப் போர்டில் இடம் மாற்றிச் செருக வேண்டும். பாஸ்கர் அதை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவான். பாதி புரியாது. "ப்ராசஸர்ல காசு மிச்சம் புடி, போர்டுல புடிக்காத" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஒன்றை நானூற்றைம்பதில் ஓட்டிய அன்று, இருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு நின்றோம். எரிந்துவிடுமோ என்று நான் நிமிடத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். "இன்னாபா, கொழந்தைக்கு ஜொரமா பாக்குற?" என்றான். கயல் வரும் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் நான்கு முறை போன் செய்கிறவன் அப்போதே எனக்குள் இருந்திருக்கிறான்.

ஒருநாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு டிசைனர் வந்தார். புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். பாஸ்கரின் யோசனைப்படி விலை குறைந்த ப்ராசஸரும் நல்ல போர்டும் கேட்டார். முதலாளியோ விற்காமல் கிடந்த ஒரு பழைய போர்டை எடுத்து நீட்டினார். பாஸ்கர், "இதுல ஸ்பீடு ஏத்த முடியாது சார், வாங்காதீங்க" என்று நேராகவே சொல்லிவிட்டான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா, ஏத்தலாமா, முடியாதா?"

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தது.

"ஏத்தலாம் சார்" என்றேன். டிசைனர் நம்பிப் பணத்தை எடுத்தார்.

பாஸ்கர் உதட்டிலிருந்த ஜம்பரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். மறுவாரம் டீக்கடையில் அவனே கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிக்கொடுத்தான். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு தனியாகக் கடை வைத்தான். என் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து பந்தி பரிமாறினான். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கயல் பிரித்துப் பார்த்த மறுநாள், போர்டைத் தூக்கிக்கொண்டு தனியாக அவன் கடைக்குப் போனேன். "ஏமாந்தது என் பொண்ணுபா" என்றேன். அவன் பெட்டியைத் தொடவே இல்லை.

"ரெண்டு வருசமா போவாம கெடந்துக்கினு இருந்துது. வேற எவனா இருந்தாலும் பிரிச்சுப் பாத்திருப்பான். நீ பாக்கமாட்டேன்னு தெரியும்."

"நீயாடா இப்படி?"

"நான் ஒருத்தனே எத்தினி நாளைக்குபா நல்லவனா இருக்கிறது? அன்னிக்கு அந்த மனுசன்கிட்ட நீ இன்னா சொன்ன?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கயல் தன் ஸ்காலர்ஷிப் பணத்தில் லிஸ்ட்டில் இருந்த போர்டையே வரவழைத்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நேற்று வந்தது. அதே வாசனை. ஜம்பர் எங்கே என்று தேடினேன். "அதெல்லாம் இப்ப ஸ்கிரீன்லயே மாத்திக்கலாம்பா" என்றாள், திரும்பாமலே. அவள் வேகத்தைக் கூட்டியதும் சூடாகிறதா என்று பார்க்கக் கை தானாக நீண்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைக் கண்ணாடி மூடியிருந்தது.

காந்தி ரோட்டில் அந்த மாடியையும் பட்டுக்கடை எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த டிசைனரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. டீக்கடையில் பாஸ்கர் வாங்கிக்கொடுத்த ஒரு டீயை, மன்னித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இத்தனை வருடம் வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.