துண்டு போட்ட வேலைகள்

பினாங்கில் ஒட்டுத்தாள் சுவரில் நிற்பதில்லை. மதுரையில் கல்லூரி விடுதிச் சுவரில் நான் ஒட்டிய மஞ்சள் தாள்கள் படிப்பு முடியும்வரை அசையவில்லை. இங்கே சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் காலையில் ஒட்டினால், மாலை மழையின் ஈரத்தில் உரிந்து தரையில் கிடக்கின்றன. நேற்றும் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது வீட்டுக்கார லெட்சுமி அக்கா துடைப்பத்தோடு என் அறை வாசலில் நின்றார்.

“என்னா தம்பி, ரூம்பு பூரா காகிதம்! பாசார்ல கடை மூடுன மாதிரி இருக்கு லா.”

“எல்லாம் வேலைதான்க்கா. செய்ய வேண்டிய வேலை.”

“இம்புட்டு வேலை இருக்கா? பெறகு ஏன் வேலை போச்சு, வேலை போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?”

இரண்டுமே உண்மை என்பதை அக்காவுக்கு எப்படி விளக்குவது? என் நிறுவனம் எங்கள் பிரிவை மூடுகிறது. வேலை போனால் இங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் பாஸ் போகும், பாஸ் போனால் நானும் ஊருக்குப் போக வேண்டும். இன்னொரு நிறுவனம் பேசத் தயாராக இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தி மேம்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள் எதிலாவது நான் எழுதி, ஏற்றுக்கொள்ளப்பட்ட நிரல் ஒன்றைக் காட்டச் சொன்னது. உடனே, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றில் குதித்தேன். அதன் குறைகள் எல்லாம் பொதுவில் பட்டியலாக இருக்கும். ஒரு குறையின் கீழே ‘இதை நான் செய்கிறேன்’ என்று எழுதினால் போதும், அதன்மேல் நம் பெயர் ஏறிவிடும்.

எனக்கா சொல்லித்தர வேண்டும்? பெரியார் நிலையத்தில் பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு நண்பர்களுக்கெல்லாம் இடம் பிடித்தவன் நான். கண்ணில் பட்ட குறைகள் மீதெல்லாம் துண்டு போட்டேன். என் பெயர் எங்கும் தெரியட்டும், எதைச் செய்ய வேண்டும் என்பது மறக்காமலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி ஒட்டினேன். தாள்கள் விழுந்தன. ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டு அடுத்ததற்கு ஓடினேன். பேருந்தில் துண்டு போட்டவன் ஏறி உட்கார்ந்துவிடுவான். நான் எந்த இருக்கையிலும் உட்காரவில்லை, உட்கார வந்தவர்களையும் நிற்க வைத்திருந்தேன்.

அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மார்த்தா, எங்கோ ஒரு குளிர்நாட்டுக்காரர். “அவசரமில்லை. இன்னும் இதைச் செய்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதினார். நம் ஊரில் அவசரமில்லை என்றால் அவசரமில்லைதானே? “கண்டிப்பாகச் செய்கிறேன்” என்று சிரித்த முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். அவர்கள் ஊரில் அந்தக் கேள்விதான் கடைசி எச்சரிக்கையாம். போன வாரம் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. “காத்திருப்பவர்களுக்காக விடுவித்துவிட்டேன், ஆர்வத்துக்கு நன்றி.” ஒரு கடுமையான சொல்கூட இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டவரிடம் என்ன கேட்பது? கெஞ்சித்தான் எழுதினேன். பதில் வந்தது: “தமிழில் விலையை வாசிக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறதே, அதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் பார்க்கிறேன்.”

அதை நேற்று ஒரு தாளில் எழுதினேன். சுவரில் ஒட்டப் பயம். ஜன்னலுக்கு வெளியே துணி காயும் கம்பி இருக்கிறது. அக்காவிடம் கிளிப் கேட்டேன்.

“ஒண்ணுதான் தருவேன். ஒன் காகிதத்துக்கெல்லாம் கிளிப்பு குடுத்தா எம்பாஜு, துணி எல்லாம் பறந்துபோய்க் கீழ கார் மேலதான் காயும்!”

ஒரே ஒரு கிளிப். கையிலிருந்த மற்ற தாள்களை அக்காவின் குப்பைக்கூடையில் போட்டேன். அந்த ஒரு வேலையை மட்டும் உட்கார்ந்து செய்தேன். இன்று வெள்ளிக்கிழமை, காலையில் அனுப்பிவிட்டேன். மார்த்தாவின் ஊரில் இன்னும் விடியவில்லை போலிருக்கிறது.

அந்த வேலையை அவசரத்தில் கைக்கு வந்த தாளில் எழுதியிருந்தேன். அதன் பின்பக்கத்தில், என் பாஸ் முடியும் தேதியும் ஊருக்குப் போகும் விமானத்தின் நேரமும் முன்பே குறித்து வைத்திருந்தேன். கடல் காற்று அடிக்கும்போதெல்லாம் தாள் திரும்புகிறது. ஒரு முறை வேலை தெரிகிறது, ஒரு முறை விமானம். அக்காவின் துணிகளுக்கு நடுவே அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டு, கைப்பேசி ஒலிப்பதற்காகக் காத்திருக்கிறேன்.