வாசலில் குவிந்த சப்பாத்துகள்

பேத்தி பிறந்த நாளிலிருந்து ஜெயரட்ணத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தாலியத் துறைமுக நகரொன்றில் அவர் குடியிருக்கிற அல்பெர்கேரியா ஒழுங்கையில் மீன்காரன், பழக்காரன், பாண் விற்கிறவள் என்று ஒருவரையும் விடாமல் கைபேசியில் படம் காட்டிவிட்டார். காலையில் படி கழுவப் போகிற கட்டடங்களில் ஒன்றின் ஐந்தாம் மாடிக் கிழவர்கூட அந்தப் படத்தைப் பார்த்து, மூக்கு உன்னுடையதுதான் என்று சொல்லியாகிவிட்டது. அந்தச் சொல்லை அவர் இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தார்.

ஆனால் பேத்தி நித்திரை கொள்ளமாட்டேன் என்கிறாள். அதுதான் கரைச்சல்.

மகள் ஜெனனிக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். காயம் ஆறவில்லை. காய்ச்சல் வருகிறது, போகிறது. பார்க்க வந்த தாதி, ஒரு இரவாவது விடாமல் நித்திரை கொள்ளாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மருமகன் லக்சனுக்குத் துறைமுகப் பக்கம் உணவகத்தில் வேலை. அன்று சனிக்கிழமை. விடியத்தான் வருவான். ஜெயரட்ணத்தின் மனைவி காலமாகி ஆறு வருடம். ஆகவே வீட்டில் இரவுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

சட்டம் போடுவதற்கு மட்டும் ஆள் இருந்தது. அவருடைய அக்கா சந்திரமதி. நகரின் இன்னொரு பகுதியான சீசாவில், சிஞ்ஞோரா என்று அழைக்கிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டிலேயே தங்கி, அவவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கிருந்தபடியே கைபேசியில் குடும்பத்தை நடத்துவா. "முப்பத்தொண்டு முடியாமல், துடக்குக் கழியாமல், பிள்ளை வாசல் தாண்டக்கூடாது" என்பது அவவின் கடைசிக் கட்டளை. பிறப்புத் தீட்டுக் கழிகிற அந்த முப்பத்தொன்றுக்கு இன்னும் ஐந்து நாள் கிடந்தது.

இரவு பத்து மணிக்குப் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கினாள். ஜெனனி சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"பால் கேக்கிறாளோ அப்பா?"

"இப்பதானே குடிச்சவள். எடுத்து வைச்ச பாலும் போத்திலிலை கிடக்கு. நீ போய்ப் படு."

"உங்களாலை ஏலாது."

"உன்னை வளத்தவன் நான். போ பிள்ளை, போய்ப் படு."

அவள் போனாள். பிள்ளை நிறுத்தவில்லை. தள்ளுவண்டிலில் வைத்து உருட்டினால் சத்தம் குறைந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் உருட்டத் தொடங்கினால் உடனே சுவர் வந்துவிடும். திருப்புகிற நேரத்துக்குள் அழுகையும் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனனி. ஜெயரட்ணம் அப்படியும் இப்படியும் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தில் மையால் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். இரும்பு ஏதாவது கூட இருக்கவேண்டுமே என்று வீட்டுக் கதவுத் திறப்பை மெத்தைக்குக் கீழே செருகினார். பால் போத்தலை எடுத்தார். வண்டிலையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார்.

ஒழுங்கையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். கீழே வந்தால் ஊரே விழித்திருந்தது. அன்று கலை இரவு என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. விடியும்வரை அரண்மனை, மாளிகை, மண்டபம் எல்லாம் திறந்து வைத்து ஆட்டமும் பாட்டுமாக நடக்கும். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. விடியக் காலையில் படி கழுவுகிறவனுக்கு இரவில் என்ன ஆட்டம்?

பிள்ளை கண்ணை மூடினாள். அவர் நடந்தார். மேலே கயிற்றில் ஒருவன் ஒழுங்கையைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவன் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தானோ என்று பார்க்க நின்றார். உடனே வண்டிலுக்குள் முனகல். தள்ளினார். ஒரு மாளிகைச் சுவர் முழுக்க வெளிச்சத்தால் மீன்கள் நீந்தின. நின்றார், முனகல், தள்ளினார். அவர் வருடக்கணக்காகப் பின்படி கழுவுகிற கட்டடத்தின் முன்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கூரையெல்லாம் பொன்னும் படமுமாக இருந்தது. அட, இதுவா உள்ளே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்குள் பிள்ளை காலை உதறினாள். எல்லாவற்றிலும் பாதி பார்த்தார். எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. சந்தியில் மேளக்காரர் வந்தார்கள். அதோடு பிள்ளைக்கு நித்திரை முழுதாகப் போயிற்று. வண்டிலை எப்படி உருட்டியும் அடங்கவில்லை. போத்தலைத் துப்பினாள். சனம் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குப் போகவும் முடியாது. இந்தச் சத்தத்தோடு போனால் ஜெனனி எழும்பிவிடுவாள்.

மேளத்துக்கு ஒதுங்கி ஒரு சந்துக்குள் திரும்பினார். அங்கே ஒரு காலத்தில் மாதா கோயிலாக இருந்து இப்போது வெறுமனே கிடக்கிற மண்டபம். வாசலில் படி. வண்டிலை ஓரமாக விட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். உள்ளே இருட்டு. தரை முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன.

விளக்கைக் கண்டதும் கால் தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை.

பின்னால் வந்த இரண்டு இளம் பெட்டைகள் அதைப் பார்த்தார்கள். கழற்றவேண்டும் போல என்று தாங்களும் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் சப்பாத்து மலை. கலை இரவுக்கென்று அந்த விளக்குகளைக் கண்காட்சியாக வைத்திருந்த பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். யார் உங்களைக் கழற்றச் சொன்னது என்று இத்தாலியனில் கேட்டாள்.

"விளக்கு எரிகிறதே, சிஞ்ஞோரா" என்றார் அவர், தனக்குத் தெரிந்த இத்தாலியனில்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு திறந்த வாயோடு காது கொடுத்துக் கேட்டாள். கல் தரையில் அதுவரை டக்கு டக்கென்று எதிரொலித்த காலடி எல்லாம் நின்றுவிட்டது. இப்போதுதான் அவள் விளக்குகளோடு சேர்த்து ஒலிக்க வைத்திருந்த சத்தம் கேட்டது. இரவில் துறைமுகத்தில் நிற்கிற, நாப்பொலி நகருக்குப் போகிற கப்பலின் எஞ்சின் சத்தம். உம்மென்று, தரைக்குள்ளால் வருவது போல. பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு போத்தல் பாலைக் குடித்தாள். பிறகு நித்திரை. அந்தப் பெண் தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டுப் போய் ஒரு மூலையில் இருந்தாள்.

ஜெயரட்ணம் சுவரோடு சாய்ந்து இருந்தார். அசையப் பயம். அப்படி எவ்வளவு நேரமோ.

"டேய் ஜெயம்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்திரமதி, யாரோ இரண்டு பேர் படியால் தூக்கி ஏற்றிவிட்ட சக்கர நாற்காலியோடு. நாற்காலியில் சிஞ்ஞோரா.

"அக்கா... நீங்கள் எப்பிடி இஞ்சை?"

"வாசல்லை சப்பாத்துக் குவிஞ்சு கிடக்கேக்கையே நினைச்சனான், எங்கடை ஆக்கள் ஆரோ உள்ளுக்கை எண்டு. மடியிலை என்னடா?"

"பிள்ளை."

"ஆற்றை பிள்ளை?"

"எங்கடைதான்."

"துடக்குக் கழியாமல்! ராவிலை! உனக்கு மூளை கீளை இருக்கோ? ஜெனனிக்குத் தெரியுமோ? பொறு, இப்பவே எடுக்கிறன் அவளுக்கு." கைபேசி வெளியே வந்துவிட்டது.

"அக்கா, கும்பிட்டன். அவள் நித்திரை. போன் தலைமாட்டிலை கிடக்கு."

"நித்திரையோ?"

"பிள்ளை பிறந்தாப் பிறகு இண்டைக்குத்தான். எழுப்பிப்போடாதேங்கோ."

சந்திரமதியின் விரல் கைபேசிக்கு மேலே அப்படியே நின்றது.

"உங்கடை சிஞ்ஞோராவை இருட்டினாப் பிறகு வெளியாலை கொண்டுபோகக்கூடாது எண்டு அவவின்றை மகள் சொன்னவ எல்லோ?" என்றார் அவர், மெதுவாக.

"வாயை மூடு. அது மூண்டு இரவாக் கண் மூடேல்லை. கட்டிலாலை இறங்கப் பாக்கிது. தள்ளிக்கொண்டு திரிஞ்சாத்தான் பேசாமல் இருக்கும்."

"இதுவும் அப்பிடித்தான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சிஞ்ஞோராவின் தலை நெஞ்சில் விழுந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. சந்திரமதி கைபேசியைப் பைக்குள் போட்டா. தானும் கீழே இருந்தா. "விடியட்டும். உனக்கு இருக்கு" என்று மட்டும் சொன்னா.

வானம் வெளுக்கிற நேரம் மண்டபத்தை மூடினார்கள். பிள்ளையைத் தூக்கியபடி குனிந்து தேட அவரால் முடியவில்லை. அக்காதான் வாசலில் மிச்சமாகக் கிடந்ததில் ஒரு சோடியைத் தூக்கிக் கொடுத்தா. அவர் பார்க்காமலே காலைச் செருகினார்.

அவர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் லக்சன் வேலையால் வந்து சத்தமில்லாமல் படுத்தான். ஜெனனி எட்டரைக்குத்தான் எழும்பினாள். பதறி ஓடிவந்தாள். கூடத்தில் வண்டிலுக்குள் பிள்ளை நித்திரை. பக்கத்துக் கதிரையில் அப்பா விழித்தபடி. உள்ளே போயிருந்த ஜெனனியின் கண்கள் தெளிந்திருந்தன. அவர் அவளுடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை.

"ராத்திரி அழேல்லையோ அப்பா?"

"கொஞ்சம். பேந்து படுத்திட்டாள்."

ஜெனனி பிள்ளையின் கன்னத்து மைப்பொட்டைப் பார்த்தாள். "எங்கை போனனீங்கள்?"

"எங்கை போறது? இஞ்சைதான்."

ஜெனனி வாசலைப் பார்த்தாள். கதவடியில் இரண்டு சப்பாத்துகள் கிடந்தன. ஒன்று கறுப்பு, அவருடையது. மற்றது மண்ணிறம், கூர் மூக்கு, யாரோ ஒரு துரையுடையது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். காயம் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கைபேசி அடித்தது. சந்திரமதி.

"ஜெனனி எழும்பீட்டாளோ?"

"ஓம் அக்கா. நல்லா நித்திரை கொண்டு எழும்பீட்டாள்" என்றார் ஜெயரட்ணம். கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "இனி ஏசுங்கோ."