நானே கட்டிக்கொண்ட கயிறு

நடக்காத கல்யாணத்தை முறிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. நடந்த கல்யாணமாக இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே முடிந்திருக்கும்.

ராஜபாளையத்தில் எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, நூல் மில்லில் வேலை கிடைத்து, ஊருக்கு வெளியே ஒரு காலனியில் குடியேறியவர்கள். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒவ்வோர் அறைக்கும் காம்பரா என்று பெயர். ஒரு காம்பராவில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பொங்கித் தின்றால் அவர்கள் புருஷன் பெண்சாதி. அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தான் ஒருவரோடு போனேன். "இந்தியாவுக்குப் போயி கோயில்ல வச்சுக் கட்டுறேன்" என்றார். நம்பினேன். வேண்டாம் என்று தடுக்க எனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கக் கண்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். புருஷன் பெண்சாதி என்று எழுதி இருவருக்கும் ஒரே பாஸ்போர்ட். படம் பிடிப்பவர் என்னைப் பார்த்து, "கழுத்து வெறுமையா இருக்கே, ஆபீசுல கேப்பாங்களே" என்றார். என் ஆள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். நான் பக்கத்துக் கடையில் மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சளும் வாங்கி வந்து, ஸ்டூடியோக் கண்ணாடி முன்னால் நின்று, என் கையாலேயே மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தவர் கயிற்றைப் பார்த்தார். தலையைச் சீவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

இங்கே வந்த முதல் வருஷம் வீடு கிடைக்கட்டும் என்றார். அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாகட்டும் என்றார். மகள் பிறந்த பிறகு, "பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு மணையில உக்காருவியா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. ஒவ்வோர் ஆடிப் பெருக்குக்கும் காலனிப் பெண்கள் புருஷன் கையால் புதுக் கயிறு மாற்றிக்கொள்ளும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு நானே மாற்றிக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் அவர் மில்லை விட்டுவிட்டு, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்குப் போனார். வாரம் ஒருமுறை வந்தவர் மாதம் ஒருமுறை வந்தார். ஒருநாள் புதுச் சட்டை போட்டு வந்து, அங்கே தனக்குப் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"அவிய கேட்டாக, மொதல்ல கல்யாணம் எதுவும் ஆச்சான்னு. இல்லைன்னுட்டேன்."

"அப்ப நான் யாரு?"

"நமக்குள்ள என்ன கல்யாணமா நடந்துச்சு?"

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அவர் போவது பற்றி இல்லை. போகிறவரைக் கட்டிப்போட எனக்கு ஆசையும் இல்லை. மில்லில் எனக்கு நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை இருந்தது, என் சோறு என் கையில் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளை யாரோ என்று சொல்லிவிட்டுப் போனால், ஆறு வயது மகள் யாருக்குப் பிறந்தவள்? நான் அவர் பெண்சாதி என்று நாலு பேர் முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, முறையாக முறித்துக்கொண்டு போகட்டும். இதில் ஒற்றைக் காலில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரே பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவரிடம், விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்றேன்.

"கல்யாணத் தேதி சொல்லும்மா. இன்ன தேதியில முடிச்சோம், இன்னைக்குப் பிரியுதோம்னு எழுதணும்லா."

"கல்யாணம் நடக்கலைங்கய்யா."

அவர் பேனாவை மூடினார். "நடக்கலைன்னா பொறவு எதைப் பிரிக்க? நீ பாட்டுக்கு இரு, அவரு பாட்டுக்குப் போறாரு. கட்டினவனுக்கு ஒரு வீடு, கட்டாதவனுக்குப் பல வீடும்பாக. ஓம் ஆளு ரெண்டாவது ரகம்."

பழமொழிக்குக் குறைச்சல் இல்லை. எனக்குத்தான் தேதி இல்லை.

காலனியில் சங்கத் தலைவரிடம் போனேன். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். எல்லோருக்கும் பெரியப்பா. அவரும் அதையே சொன்னார். "தாலி கட்டலைங்கிறான். கட்டாததை எப்படித் தாயி தீத்து வுடுறது? வீடு ஒனக்கே இருக்கட்டும்னு சொல்லிட்டான். பொறவு என்ன வேணும்?"

"ஒரு சொல்லு வேணும், பெரியப்பா. கூட்டம் போடுங்க."

ஐந்து வாரம் அலையவிட்டார்கள். விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போதும் அவர் வீட்டு வாசலில் நின்றேன், வரும்போதும் நின்றேன். கடைசியில் அவர் மனைவியே, "கூட்டத்தைப் போட்டுத் தொலைங்க, இவ முகத்துல முழிச்சு முழிச்சு எனக்குக் காப்பி எறங்கல" என்றார். ஒரு ஞாயிறு சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் கூடினார்கள். என் ஆளும் வந்தார், ஆலங்குளத்துப் புதுச் சட்டையோடு.

"தாலி கட்டல. வேற பேச்சு இல்ல" என்றார்.

நான் பாஸ்போர்ட்டைப் பெரியப்பா முன்னால் விரித்து வைத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். அதில் மஞ்சள் நிறம் தெரியாது, கயிறு தெரிந்தது.

"அது பாஸ்போர்ட்டுக்காக எழுதுன பொய்யி" என்றார் என் ஆள்.

அந்த ஒரு சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று இரண்டு அரசாங்கமும் எழுதிப் பிரித்துவிட்ட காலத்தில் வந்தவர்கள் நாங்கள். யாரையும் விட்டுவிட்டு வர மனமில்லாமல் ஆளாளுக்கு ஒரு பொய் எழுதித்தான் கப்பலேறினோம். பெரியப்பாவின் மூத்த மகன் என்று எழுதி வந்தவன் அவர் தங்கை மகன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காள் தங்கை இருவரும் உண்மையில் சித்தியும் அக்காள் மகளும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

நான் பேசினேன். "என் பாஸ்போர்ட்டு பொய்யின்னா சரி. எல்லாரும் வீட்டுக்குப் போயி அவங்கவங்க பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வாங்க. ஒண்ணொண்ணா விரிச்சு வச்சு எது நெசம், எது பொய்யின்னு இன்னைக்கே பாத்துருவோம்."

பாவம்தான், அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் இல்லை. இருந்தாலும் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

பெரியப்பா படத்தைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "இதுல எழுதியிருக்கது எல்லாம் நெசம். ஏலே, இவ யாருன்னு சொல்லு."

என் ஆள் சுற்றிப் பார்த்தார். அவர் பக்கம் ஒரு முகமும் இல்லை.

"எம் பொண்டாட்டிதான்."

"கேக்கல" என்றார் பெரியப்பா.

"எம் பொண்டாட்டி. அது எம் மக."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத் தீத்து வுடுங்க" என்றேன்.

மறுநாள் பெரியப்பா எங்கள் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். அதே பத்திரக்காரர், அதே கேள்வி. நான் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியிருந்த தேதியையே கல்யாணத் தேதியாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் சுற்றி வளைத்து என் கதையைக் கேட்டபோது, அந்தப் பத்திரத்தைத்தான் எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "தேதியெல்லாம் முறையாத்தான் இருக்கு" என்றார். நான் அவருக்கு இன்னொரு காப்பி ஊற்றினேன்.

அன்றைக்குக் கோர்ட்டுக்கு எதிரே கையெழுத்துப் போட்டாயிற்று. தீர்த்துவிட்டால் தாலியை ஆண்பிள்ளை திருப்பி வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். "கயித்த வாங்கிக்கப்பா" என்றார் பெரியப்பா. என் ஆள் என் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க. நீங்க கட்டுனது இல்ல இது."

பெரியப்பா பத்திரக்காரரைப் பார்த்தார். பத்திரக்காரர் அப்போதுதான் எழுதி முடித்த தேதியைப் பார்த்தார். என் ஆள் கையை இறக்கிக்கொண்டார். நான் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். ஒன்பது ஆடிக்கும் நானே இறுக்கிப் போட்ட மூன்று முடிச்சு. அவிழ்க்கச் செத்த நேரம் ஆயிற்று. அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாவது ஷிப்டுக்கு நேரம் இருக்கிறதா என்று பெரியப்பாவிடம் மணி கேட்டேன்.